மூன்றாம் மாடிச் செடி

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ரயிலில் படுத்தபடியே வந்ததில் இடுப்புக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை, மற்றபடி சுகம். உன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? உன் வீட்டுக்காரியின் முழங்கால் எப்படி?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே பாப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். "அம்மா, ரொம்பப் பேசாதே, படு" என்கிறாள். பெற்ற மகள்தான், முப்பத்தெட்டு வயதில் எனக்கு வார்டன் ஆகிவிட்டாள். நீயோ போனில் "ம்", "சரி", "பாக்கலாம்" தவிர வேறு வார்த்தை தெரியாதவன். காகிதத்தைக் கண்டால்தான் உனக்கு வாய் திறக்கும்.

விஷயம் இதுதான். படியில் விழுந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கிருந்து நேரே ரயிலுக்குத் தூக்கி வந்துவிட்டீர்கள். வீட்டை ஒரு தடவை பார்க்கக்கூட விடவில்லை. ஹாலில் ஜன்னல் ஓரம் நிற்கிறதே செடி, அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. உன் அத்தான் பதினோரு வருடத்துக்கு முன் இரண்டு இலையோடு வாங்கி வந்தது. இப்போது கொம்பைப் பிடித்துக்கொண்டு கூரையைத் தொட்டுவிட்டது. இலையின் வடிவத்தைப் பார்த்து அவர் யானைக்காது என்றார். நாமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். நான் விழுவதற்கு ஒரு வாரம் முன்பு அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தாகமா, தண்ணீர் அதிகமா, தெரியவில்லை. பிள்ளையின் பெயர் தெரியாமல் மதிப்பெண் போட முடியாது இல்லையா? அதுபோல முதலில் அதன் உண்மையான பெயரைக் கண்டுபிடி. சாவி உன்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்.

இங்கே எனக்கு நடைப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். நம் வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படி. ஐம்பத்திரண்டும் ஏறிக் காட்டினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பாப்பா சொல்லியிருக்கிறாள். இன்றைய தேதிக்கு நான் ஏறிய படி: பூஜ்யம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். என் சர்க்கரை நான் சொல்வதைக் கேட்கிறது. என் வீட்டுக்காரியின் முழங்கால் யார் சொல்வதையும் கேட்பதில்லை. உன் இடுப்பு சீக்கிரம் சமாதானம் ஆகட்டும்.

ஞாயிறு போனேன். மொத்தம் பதினான்கு இலை. நான்கு மஞ்சள். மண்ணில் விரலை விட்டேன், சேறு. முகர்ந்து பார்த்தேன், அழுகல் வாடை. சாவி என் கைக்கு வருவதற்கு முன்னால் எதிர்வீட்டு அம்மாதான் தினமும் ஒரு வாளி ஊற்றியிருக்கிறார். "அக்கா இல்லாத குறை தெரியக் கூடாதேன்னு ஊத்தினேன் தம்பி" என்கிறார். லிஃப்ட் நின்றுவிட்டால் ஆட்கள் பட்டனை இருபது தடவை அழுத்துவார்கள் பார், அந்த மாதிரி. நான் தண்ணீரை நிறுத்திவிட்டேன். பேர் தெரிந்த ஆளை அடுத்த வாரம் கூட்டிவருகிறேன்.

படியில் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்தேன். உன்னை விசாரித்தார். வேறொன்றும் இல்லை.

பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

உன் தம்பி

*

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே எல்லோரும்? எனக்கு நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு மூன்று படி. பயிற்சிப் பெண் கை தட்டினாள். மூன்று படிக்குக் கை தட்டல் வாங்கும் வயது வந்துவிட்டது.

நீ மண்ணை முகர்ந்து பார்த்தது எனக்குப் பிடித்தது. இனி ஒரு நோட்டுப் போடு. இலை எத்தனை, பெரிய இலையின் அகலம் என்ன, ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் தண்டில் எவ்வளவு தூரம், மாதம் ஒரு தடவை அளந்து எழுது. ஸ்கேலால் அள. குத்துமதிப்பு வேண்டாம். சின்ன வயதில் தகரக் குவளையில் மழையை அளக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் விளையாடப் போய்விட்டு, நோட்டில் மனதுக்குத் தோன்றிய எண்ணை எழுதி வைத்தாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. நீ அழுதுகொண்டே வந்து, "இனிமே அளவுல பொய் எழுத மாட்டேன்க்கா" என்றாய். அளவில் மட்டுமாம்! அந்த வயதிலேயே நீ பெரிய வக்கீல்.

ஒன்று நினைவில் வைத்துக்கொள். நம் ஹால் ஜன்னலுக்கு நான்கடியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கே டியூப் லைட் போட்டுத்தான் நான் விடைத்தாள் திருத்துவேன். அந்த இருட்டிலும் அது இத்தனை வருடம் பிழைத்திருக்கிறது. அதனால் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே. சாகாமல் இருந்தால் போதும்.

வீட்டுச் சொந்தக்காரர் என்ன விசாரித்தார்?

உன் அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். மூன்று படிக்கு நானும் இங்கிருந்து கை தட்டிவிட்டேன்.

செடிக்கடைக்காரரை அழைத்துப் போனேன். கனத்த உடம்பு. இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "லிஃப்ட் மெக்கானிக்குன்னு சொல்றீங்க, உங்க அக்கா கட்டடத்துல ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்றார். படி இருக்கும் அகலத்தில் ஒரு பக்கெட்டைக்கூட மேலே இழுக்க முடியாது என்றேன்.

செடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "யானைக்காதா? யாரு சொன்னது? அது மண்ணுலேர்ந்து நேரா எந்திரிக்கும். இப்படிக் கொம்பைக் கட்டிப் புடிச்சிட்டு ஏறாது." தண்டிலிருந்து தொங்கும் பழுப்பு வேர்களைக் காட்டினார். பிறகு இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மடக்கிய முழங்கைபோல் அங்கே ஒரு சுருக்கம் இருக்கிறது. "இது இருந்தா மான்ஸ்டெரா. ஆனா மான்ஸ்டெரான்னா இலையில ஓட்டை விழணும், ஓரம் கிழியணும். இதுல ஒண்ணுமே இல்லையே! பாதி மனசாத்தான் சொல்றேன். ஓட்டை விழட்டும், அப்புறம் சத்தியம் பண்றேன்" என்றார்.

அழுகிய வேரை வெட்டினோம். தென்னை நார்த்தூளும் கரித்துண்டும் கலந்து புது மண் போட்டோம். இரண்டு விரற்கணு ஆழத்துக்கு மண் காய்ந்தால்தான் தண்ணீர். இலையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தொங்கும் வேரை வெட்டாமல் கொம்பின் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும். சாறு பட்டால் அரிக்கும் என்று அவர் சொன்னபோது நான் ஏற்கெனவே சொறிந்துகொண்டிருந்தேன்.

அளவு: இலை பத்து. பெரிய இலை அகலம் 19 செ.மீ. இலைக்கு இலை தூரம் 22 செ.மீ. ஸ்கேலால்தான்.

உன் தம்பி

*

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பெல்லாம் சௌகரியம்தானே? எனக்குப் பதினொன்று! வாக்கர் இல்லாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.

மான்ஸ்டெரா. வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். பதினோரு வருடம் ஒரு பிள்ளையை வேறு பிள்ளையின் பெயரால் கூப்பிட்டிருக்கிறோம். அது பதில் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை.

இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் துவைக்கும் இயந்திரமும் இருக்கிறது. அது சுற்றும்போது கட்டில் லேசாக நடுங்கும். குறை சொல்லவில்லை. பாப்பா வேலைக்குப் போகும் முன் என் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைக்கிறாள். மாப்பிள்ளை என் செருப்பைக்கூடத் துடைத்து வைக்கிறார். எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்லவர்கள் நடுவில் எனக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். என் சிவப்புப் பிடிக் கத்தரிக்கோல் எங்கே என்று நேற்று யோசித்தேன். மேசையின் இரண்டாம் இழுப்பறை. அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கிறது என்று பார்த்து எழுது, போதும்.

வீட்டுச் சொந்தக்காரர் கேட்டது என்ன என்று நீ இன்னும் எழுதவில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கும் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

உன் அக்கா

*

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாங்கள் நலம். ஒரே மாதத்தில் மூன்று கட்டடத்தில் கம்பி மாற்ற வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா தன் மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

கத்தரிக்கோல் இருக்கிறது.

செடியில் ஒரு பெரிய இலை ஒடிந்துவிட்டது. காம்போடு போய்விட்டது. தண்டிலும் ஒரு கீறல். துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். அளவு: இலை ஒன்பது. அகலம் 19. புது இலை ஒன்று உச்சியில் சுருட்டின பேப்பர் மாதிரி எட்டிப் பார்க்கிறது.

நீ அவசரப்பட்டு ஏறாதே அக்கா. மெதுவாக ஏறினால் போதும். யாரும் உன்னை விரட்டவில்லை.

உன் தம்பி

*

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் என்று நீ எழுதிய கையெழுத்தே சுகமாக இல்லையே. சர்க்கரை ஏறியிருக்கிறதா? உன் வீட்டுக்காரியிடம் சொல்லி ஒரு தடவை பார்த்துவிடு.

ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த கடிதம் அரைப் பக்கம். அதிலும் ஒரு புதிர். செடி இருந்த இடத்தில் நிற்கிற ஜீவன். அங்கே ஓடியாடும் பிள்ளைகள் இல்லை, காற்றும் இல்லை. இலை காம்போடு எப்படி ஒடியும்? ஏணி போட்டு எதையாவது இறக்கினாயா?

எனக்கு இருபத்தாறு. பாதி வழி. பாதியில் நின்று மேலே பார்த்தால் வரும் பயம் போய்விட்டது. கீழே பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. மாலையில் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கிறேன். பாப்பாவிடம், "ஆகஸ்டில் டிக்கெட் எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். "முதல்ல அம்பத்திரண்டு ஏறும்மா, அப்புறம் பேசலாம்" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

நான் வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஜன்னல்களைத் திறந்து வை. பூட்டிய வீட்டு வாடை எனக்கு ஆகாது.

உன் அக்கா

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், சர்க்கரையும் நலம். உன் கால்களுக்கு என் வணக்கம்.

அக்கா, விழுந்துவிட்டது! நீ இல்லை, ஓட்டை! ஜூன் கடைசியில் ஒரு இலை விரிந்தது. இரண்டு பக்கமும் ஓரம் கிழிந்திருந்தது. எலி கடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். இந்த மாதம் அடுத்த இலை. ஆறு கிழிசல், நடு நரம்பை ஒட்டி மூன்று ஓட்டை, யாரோ பஞ்ச் வைத்துக் குத்தின மாதிரி. வேலைக்கு நடுவில் போய்ப் போய்ப் பார்க்கிறேன். செடிக்கடைக்காரரை இழுத்து வந்து காட்டினேன். தலையில் கை வைத்து, "சத்தியமா மான்ஸ்டெரா!" என்றார். பெரிய ஆளைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம்.

அளவு: இலை பதினொன்று. புது இலை அகலம் 34. புது இலைகளுக்கு நடுவே தூரம் 7 செ.மீ.தான். முன்னே மாதிரி ஒல்லியாக எட்டி எட்டிப் போகவில்லை. தண்டு தடித்து, நெருக்கி நெருக்கி விடுகிறது. நீ நம்ப மாட்டாய் என்று அந்த இலையைச் செய்தித்தாள் மேல் வைத்துக் கோடு போட்டு, தாளை அதே வடிவத்தில் வெட்டி அனுப்பியிருக்கிறேன். சுவரில் ஒட்டிப் பார்.

அத்தான் பார்த்திருந்தால் தெருவையே கூப்பிட்டிருப்பார்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 20

தம்பி,

ஐம்பத்திரண்டு. பதினாறாம் தேதி காலை, யார் கையையும் பிடிக்காமல். பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படியில் பயிற்சிப் பெண் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தாள். பாப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தில் சிரிப்பு வரப் பாடுபட்டது.

உன் காகித இலையைத் துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் இரண்டு நாள் எனக்கும் ஒரே குதூகலம். மூன்றாம் நாள் அதை மடித்து எடுத்துப்போய்ப் பூங்காவில் தோட்டக்காரரிடம் காட்டினேன். எங்கள் வீட்டு ஹால் ஜன்னலையும், அதற்கு எதிரே உள்ள சுவரையும் சொன்னேன். அவர் சொன்னது இது: "அந்த இருட்டுலயா? இருக்காதும்மா. இருட்டுல எத்தனை வருஷமானாலும் இலை மூடிக்கிட்டேதான் வரும். இது நல்ல வெளிச்சத்துல, மேலேர்ந்து வெளிச்சம் விழற இடத்துல வந்த இலை. யாரோ எடுத்து மாத்தி வச்சிருக்காங்க."

இருபத்திரண்டு செ.மீ. ஏழாகச் சுருங்கியிருக்கிறது. பத்தொன்பது முப்பத்துநான்கு ஆகியிருக்கிறது. முப்பத்தொரு வருடம் பௌதிகம் நடத்தியவள் நான். செய்முறைத் தேர்வில் சோதனை செய்யாமலே எண் போடும் பிள்ளையின் நோட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் நோட்டு அப்படி இல்லை. உன் எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. அவை உண்மையாக இருப்பதால்தான் மற்ற எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

பத்தடி உயரச் செடியை அந்தப் படியில் ஒரு விளையாட்டுக்காக யாரும் இறக்க மாட்டார்கள்.

என் செடி எங்கே நிற்கிறது? அது நின்ற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? இரண்டு கேள்வி. இரண்டுக்கும் விடை எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

முதல் கேள்வி. நான் லிஃப்ட் பார்க்கும் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் நிற்கிறது. மேலே கண்ணாடிக் கூரை. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் இலை துடைக்கிறாள்.

இரண்டாவது. உன் ஹாலில் வேறொரு குடும்பம் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரின் மகள் குடும்பம். வெளியூரிலிருந்து வந்தவர்கள், உன்னைப் பார்த்ததே இல்லை. மார்ச்சிலேயே படியில் நிறுத்தி வீடு வேண்டும் என்று கேட்டார். நான் பாப்பாவுக்குச் சொன்னேன். பாப்பா டாக்டரைக் கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது, மூன்றாம் மாடி இனிக் கூடாது என்றிருக்கிறார். அவளும் மாப்பிள்ளையும் முடிவெடுத்தார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி நான் சாவியைக் கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன்.

நானும் இரண்டு ஆட்களும் சாமான்களை இறக்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் செடி வளையவில்லை. இலை ஒடிந்தது அங்கேதான். அத்தானின் பெரிய அலமாரியும் திரும்பவில்லை. பிரித்துத்தான் இறக்க முடிந்தது, திரும்ப மாட்ட முடியவில்லை. கட்டிலும் மேசையும் புத்தகப் பெட்டிகளும் என் வீட்டில். கத்தரிக்கோல் அதே மேசையில், அதே இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் எழுதினேன். மேசை எங்கே என்று எழுதவில்லை. எதிர்வீட்டு அம்மா எங்கும் போகவில்லை. உனக்குப் பதில் போட வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன்.

மே மாதமே உனக்குச் சொல்லிவிடலாம் என்றேன். பாப்பா போனில் அழுதாள். "வீட்டுக்குப் போகணும்னுதான் அம்மா ஒவ்வொரு படியா ஏறுறாங்க மாமா. இப்பச் சொன்னா கட்டில்லயே படுத்துடுவாங்க. ஏறி முடிக்கட்டும்" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் நீ எண் எழுத எழுத, இங்கே என் வீட்டுக்காரி கடிதத்தைப் படித்துவிட்டு, "பாவி மனுஷா, இல்லாத வீட்டுக்கு அவங்க படி ஏறுறாங்க" என்பாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு செடியை அளக்கப் போய்விடுவேன். அளவில் மட்டும் பொய் எழுதக் கை வரவில்லை.

மாட்டிக்கொள்வேன் என்று தோன்றவே இல்லை அக்கா. ஓட்டை விழுந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துவிட்டது. அந்த இருட்டு ஹாலைவிட அது இங்கே எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நீ நேரில் பார்க்க வேண்டும். பார்த்தால் உனக்கும் பாப்பா வீடு பழகிவிடும் என்று தோன்றுகிறது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தம்பி

*

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. போனுக்கும் நீ வருவதில்லை. நலமா என்று பாப்பாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். "சாப்பிடுறாங்க, தூங்குறாங்க, காலையில எழுந்து வெளிய போயிடுறாங்க மாமா. எங்கன்னு கேட்டா, 'நடக்க'ன்னு ஒரே வார்த்தை" என்கிறாள்.

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவன் மாதிரி முழிச்சிட்டு உக்காராதீங்க, ரயிலேறிப் போய்க் கால்ல விழுங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி. பெட்டியை எடுத்து வைத்தேன். நீ கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இலை பன்னிரண்டு. அகலம் 36. தூரம் 7.

உன் தம்பி

*

அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். உன் சர்க்கரைக்கு இந்த மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தாயா? பார்க்காவிட்டால் பார்.

இத்தனை நாள் எழுதாததற்கு உன்னைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் காரணம் இல்லை. எழுதினால் கை நடுங்கியது. நடுங்கும் கையெழுத்தைப் பார்த்தால் நீங்கள் இருவரும் சேர்ந்து இன்னொரு முடிவெடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

பாப்பாவோடு பேசினேன். "யாரைக் கேட்டு?" என்று ஒன்றுதான் கேட்டேன். "உன்னைக் காப்பாத்தத்தாம்மா" என்று அழுதாள். அது பொய் இல்லை. டாக்டர் சொன்னதும் பொய் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் தன் வீட்டைக் கேட்டதும் தப்பில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லோரும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். என்னிடம் வந்து, "அக்கா, இப்படி ஒரு பேச்சு இருக்கிறது" என்று மார்ச்சிலேயே நீ சொல்லியிருந்தால் நானே அந்த முடிவுக்கு வந்திருக்கலாம். இரண்டு நாள் அழுதிருப்பேன். பிறகு எதை எடுப்பது, எதை விடுவது என்று பட்டியல் போட்டிருப்பேன். அத்தானின் அலமாரியைப் பிரிப்பதற்கு முன் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

செடி வெளிச்சத்தில் நன்றாக இருக்கிறது, அதனால் எனக்கும் பழகிவிடும் என்று எழுதியிருந்தாய். உதாரணம் சொல்வது என் தொழில், உனக்கு வேண்டாம். செடியை எங்கே வைக்கட்டும் என்று கேட்க முடியாது, அதனால்தான் நாம் இலையைப் பார்த்து ஊகிக்கிறோம். எனக்கு வாய் இருந்தது. உன்னிடம் என் முகவரியும் இருந்தது.

மாதக்கணக்கில் நான் ஒவ்வொரு படியும் எண்ணினேன். என் நம்பிக்கையை வைத்து என் காலைச் சரி செய்திருக்கிறீர்கள். கால் சரியாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. அந்தக் காலை வைத்து எங்கே போவது என்று மட்டும் இனி நீங்கள் சொல்லக் கூடாது.

பதினொன்றாம் தேதி ரயிலில் கிளம்புகிறேன். டிக்கெட்டை நானே எடுத்தேன். பாப்பாவுக்குத் தெரியும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், மாத்திரையையும் இரண்டு மாதத்துக்குப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். உன் வீட்டில் நான்கு நாள் இருப்பேன். அதற்குள் தரைத் தளத்திலோ முதல் மாடியிலோ ஒரு அறை பார்க்க வேண்டும். நீ பார்த்து வைக்காதே. விலாசங்களை மட்டும் சேகரித்து வை. உள்ளே போய்ப் பார்ப்பது நான். செடி அந்தக் கூடத்திலேயே இருக்கட்டும். ஒரு நாள் வந்து பார்க்கிறேன், முதல் நாள் இல்லை.

முதல் நாள் வேறு வேலை இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நேரே பழைய வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போ. நீ தெருவிலேயே நில். பின்னால் வராதே, எண்ணாதே. நான் ஐம்பத்திரண்டும் ஏறி, மணி அடிப்பேன். யார் திறந்தாலும் என்னைத் தெரிந்திருக்காது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கும் ஒரு கிழவிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமலா போய்விடுவார்கள்? வாசலில் நின்றே குடிப்பேன். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு நானே இறங்கி வருகிறேன்.

நீங்கள் என் பேரில் காலி செய்த வீட்டை நான் இன்னும் காலி செய்யவில்லை, தம்பி. அதைச் செய்துவிட்டு வருகிறேன்.

உன் அக்கா